நான்காம் பத்தி

வக்கீல் குமாஸ்தா எனக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
தேட வேண்டியது ஒரே ஒரு துணுக்கு:
மூக்கையூர் கஸ்பார் கடலில் காணாமல் போன செய்தி.
'கொண்டல்' வார இதழில் வந்ததாம்.
எந்த வாரம் என்று பிலோமினாளுக்கு நினைவில்லை.
"வாடக் காத்து தொடங்கலய்யா அப்ப" என்றாள், அவ்வளவுதான்.
ஏழு வருஷம் தகவல் இல்லாதவன் இறந்தவன் என்கிறது சட்டம்.
தகவல் இல்லை என்பதற்கும்
ஒரு தகவல் கேட்கிறது.

கீழக்கரையில், நின்றுபோன அச்சகத்தின் மாடி.
ஜெய்னம்பு சாவியைத் தந்தார்:
"ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னதும் பூட்டிருவேன்.
எச்சில் தொட்டுப் புரட்டாதீங்க."
அவர் வாப்பா நடத்திய இதழ்.
முப்பத்தொரு தொகுப்பு, முதுகில் காலிகோ,
ஆண்டு வரிசை கலைந்து.
கைக்கு முதலில் வந்தது மிகப் பழையது.
அதிலேயே இருந்தது நான் தேடி வந்த சொல்,

ஆனால் ஆச்சரியக்குறியோடு:
"மாயம்! மாயம்! மாயம்!
கேணிக்கரைத் திடலில் புரொபசர் குஞ்சிதபாதம் குழுவினர்.
பெண்களுக்குத் தனி இடம்.
அறுத்த பெண் மறுபடி எழுவாள்."

அப்போதே மூடியிருக்க வேண்டும்.
கூலி பக்கத்துக்கு, சொல்லுக்கு இல்லை.
விரல் கேட்கவில்லை.

சுங்கக் கிட்டங்கியில் சங்கு மூடை பதினான்கு மாயம்.
தாசில்தார் வீட்டுச் சேவல் மாயம்
(இதற்கு எட்டு வரி. அடுத்த வாரம்
வாசகர் ஒருவர் வெண்பாவே எழுதியிருந்தார்).
திருப்புல்லாணிச் சாலையில் மைல்கல் மாயம்,
பின்னால் கேள்விக்குறி.
மூன்றாம் ரீலில் கதாநாயகி மாயம், டூரிங் டாக்கீஸில் கல்லெறி.

புயலடித்த வருஷத்தை நின்றபடியே புரட்டினேன்.
ஓர் இடத்திலும் அந்தச் சொல் இல்லை.
"கடல் கொண்டது" என்று போட்டிருக்கிறார்கள்,
பிறகு பெயர்கள், பிறகு பெயர்கள்,
பிறகு அச்செழுத்து தீர்ந்துபோய்
'ன' வரவேண்டிய இடத்தில்
'ண' கோத்த பெயர்கள்.

எப்போது சேவலை விட்டு மனிதனிடம் வந்தது அது?
யாரும் கேட்கவில்லை, குறித்துக்கொண்டேன்:
பதினேழாம் தொகுப்பு, ஆனி, இரண்டாம் வாரம்.
"வேதாளைக்குக் கிழக்கே வத்தையுடன் இருவர் மாயம்."
முற்றுப்புள்ளி.
அதன்பின் அந்தச் சொல்லுக்கு முன்னால் எப்போதும் ஓர் எண்.
நால்வர். மூவர். எழுவர்.
முதல் பக்கத்திலிருந்து மூன்றுக்கு, மூன்றிலிருந்து ஆறுக்கு
இறங்கி இறங்கி
மண்ணெண்ணெய் விலைக்கும்
பூப்புனித நீராட்டு வாழ்த்துக்கும் நடுவே
ஒதுங்கிக்கொண்டது.
போகப் போகப் புள்ளியும் வைக்கவில்லை.

கீழே ஜெய்னம்பு சாவிக்கொத்தை ஆட்டுகிற நேரத்தில் கிடைத்தது.
கடைசித் தொகுப்பு, நான்காம் பத்தி, அடியில்:
"மூக்கையூர் காஸ்பர் (31) மாயம்"
அடுத்த இதழில் ஒரு திருத்தம்.
காஸ்பர் என்பதைக் கஸ்பார் எனத் திருத்தி வாசிக்கவும்.
வருந்துகிறோம்.
மற்றதைத் திருத்தவில்லை.

ஜெராக்ஸ் கடையில் தொகுப்பு முழுசாக விரியவில்லை.
தையல் பக்கம் கறுப்பாக விழுந்து
கடைசி எழுத்தை விழுங்கிவிட்டது:
காஸ்பர் (31) மாய
"போதும்" என்றார் வக்கீல்.
"திருத்தத்தையும் சேர்த்து வை. ரேஷன் கார்டில் எப்படி இருக்கு?"
ரேஷன் கார்டில் கஸ்பர்.

பிலோமினாள் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.
படிக்கத் தெரியும், ஆறாப்பு.
"நாங்க இப்படிச் சொல்றதில்லய்யா.
கடலுக்குப் போயிருக்காக. வரல."
பிறகு அவள் விரல் நகர்ந்தது,
அவன் பெயரைத் தாண்டி மூன்றாம் பத்திக்கு,
ஒரு வலைக்கடை விளம்பரத்துக்கு.
நைலான் வலை. நியாய விலை. தவணை உண்டு.
"இந்தக் கடைதான்" என்றாள்.
"பதினாலு தவண. பன்னெண்டு கட்டிட்டேன்."